ஸ்பிரிங் பூட்: "நாட் எ மேனேஜ்ட் டைப்" பிழைக்குக் காரணம் ஒரு பெயர் உரிமைப் பிரச்சினையா?

[திரையில்: சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி]

வணக்கம். நிரல் ஒரு குறையும் இல்லாமல் கம்பைல் ஆகிறது. டேட்டாபேஸில் டேபிளும் இருக்கிறது. கிளாஸின் தலையில், இது ஒரு டேபிளுக்கான கிளாஸ் என்று சொல்லும் என்டிட்டி அனோட்டேஷனும் இருக்கிறது. ஆனாலும் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய செயலி தொடங்கும்போதே "நாட் எ மேனேஜ்ட் டைப்", அதாவது 'இந்தக் கிளாஸை என்டிட்டியாக எனக்குத் தெரியாது' என்று நின்றுவிடுகிறது. பெங்களூரின் பெல்லந்தூரிலும் ஒயிட்ஃபீல்டிலும் பழைய ஜாவா புராஜெக்டுகளைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இது மிகவும் பழகிய பிழை.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த அனோட்டேஷன் எந்தப் பேக்கேஜிலிருந்து வருகிறது என்று சொல்லும் இம்போர்ட் வரி. பெருநிறுவனச் செயலிகளுக்கான ஜாவா ஈஈ தொழில்நுட்பத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக ஆரக்கிள் 2017இல் அறிவித்தது; ஆனால் பெயர் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் பேக்கேஜ்களில் எக்லிப்ஸ் மாற்றம் எதுவும் செய்ய முடியாது என்பது 2019இல் உறுதியானதால், ஜாவா ஈஈயின் தொடர்ச்சியாக 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9இல் அவற்றின் பெயரையே 'ஜகார்த்தா' என்று மாற்றினார்கள். 2022 நவம்பரில் வெளியான ஸ்பிரிங் பூட் 3 அந்தப் பெயரையே பின்பற்றுகிறது. ஒரு வணிகமுத்திரை விவகாரம் உலகெங்கும் உள்ள நிரலாளர்களின் இம்போர்ட் வரிவரை வந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

[திரையில்: பழைய வரியும் புதிய வரியும் அருகருகே]

'ஜாவாஎக்ஸ்' என்ற பழைய வரி இருந்தும் கம்பைல் ஆவது எப்படி? வேறொரு பழைய லைப்ரரி, என்டிட்டி போன்ற அனோட்டேஷன்கள் இருக்கும் பழைய பெர்சிஸ்டென்ஸ் ஜார் கோப்பையும் தன்னோடு இழுத்து வந்திருக்கும். கம்பைலர் அதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடும். ஆனால் கிளாஸை டேபிளோடு இணைக்கும் ஹைபர்நேட் 6 அந்த அனோட்டேஷனைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே லைப்ரரிகளைச் சேர்த்துத் தரும் மேவன் கருவியில், எது எதை இழுத்து வந்தது என்று காட்டும் டிபென்டன்சி ட்ரீயை எடுத்து, அந்த ஜாரை முதலில் விலக்குங்கள். அதன் பிறகு மாற்ற வேண்டிய வரிகளையெல்லாம் கம்பைலரே காட்டிக்கொடுக்கும்.

தயவுசெய்து எல்லா 'ஜாவாஎக்ஸ்' சொற்களையும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் டேட்டாசோர்ஸ் இருக்கும் 'ஜாவாஎக்ஸ் டாட் எஸ்க்யூஎல்' ஜாவாவின் சொந்தப் பகுதி. அதன் பெயர் மாறவே இல்லை.

"என்டிட்டிக்கு ஐடென்டிஃபையர் இல்லை" என்று வந்தால், முதன்மைச் சாவியைக் குறிக்கும் ஐடி அனோட்டேஷன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எடிட்டர் தானாகச் சேர்க்கும்போது ஸ்பிரிங் டேட்டாவின் ஐடியைக் கொண்டுவந்து வைத்துவிடுவதுண்டு. ஹைபர்நேட்டுக்கு வேண்டியது பெர்சிஸ்டென்ஸ் பேக்கேஜின் ஐடி.

இம்போர்ட் எல்லாம் சரி என்றால், பேக்கேஜைப் பாருங்கள். அல்சூரில் ஒரு தெரு ஒதுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் அடுத்த தெரு வீட்டை எழுதமாட்டார் அல்லவா? அதுபோல மெயின் கிளாஸ் இருக்கும் பேக்கேஜையும் அதன் உள் பேக்கேஜ்களையும் மட்டுமே ஸ்பிரிங் பூட் தேடும். வெளியே இருக்கும் என்டிட்டிக்கு, எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் என்டிட்டிஸ்கேன் அனோட்டேஷன் தேவை. அதை எழுதியவுடன் இயல்பான தேடல் விலகிவிடும் என்பதால், பழைய பேக்கேஜையும் அதிலேயே குறிப்பிடுங்கள். டேட்டாபேஸிலிருந்து தரவை எடுத்துத் தரும் ரெபாசிட்டரியும் வெளியே இருந்தால் எனேபிள்ஜேபிஏரெபாசிட்டரிஸ் தனியாக வேண்டும்.

செயலி எழுந்தவுடன் தொடக்கத்தில் டேபிள்களை என்ன செய்வது என்று சொல்லும் டிடிஎல் ஆட்டோ அமைப்பை 'வேலிடேட்' (சரிபார்ப்பு மட்டும்) என்று வைத்து ஒருமுறை இயக்குங்கள். டேபிளோ அதன் நெடுவரிசையோ பொருந்தாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். புரொடக்ஷனில், டேபிளைத் தானாகவே மாற்றும் 'அப்டேட்' வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உங்கள் புராஜெக்டில் பழைய ஜாரை இழுத்து வந்தது எந்த லைப்ரரி என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அதே லைப்ரரியோடு போராடும் இன்னொருவருக்கு உதவும்.