போதகர் ஐக்கியத்துக்குப் போயும் பாரம் இறங்கவில்லையே, ஏன்?

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை வாசிக்கிறேன். கிராமத்தில் ஊழியம் செய்யும் ஒரு சகோதரர் அனுப்பியிருக்கிறார். "ஐயா, 11 வருடமாகத் தனியாகத்தான் சபை நடத்துகிறேன். எங்கள் தாலுகாவில் போதகர் ஐக்கியம் இருக்கிறது. மாதம் ஒரு நாள் போகிறேன். பாட்டு, ஜெபம், ஒரு செய்தி, காணிக்கை, மத்தியானம் பிரியாணி. திரும்பி வரும்போது மனபாரம் அப்படியேதான் இருக்கிறது. இந்த ஐக்கியம் தேவைதானா? கர்த்தரோடு ஐக்கியம் இருந்தால் போதாதா?"

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. பவுலுக்கே போதவில்லை. அவரைக் கைதியாக ரோமாபுரிக்குக் கூட்டிப் போகிறார்கள். கப்பல் உடைந்து, மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கி, மறுபடி கப்பல் ஏறி, அப்புறம் தரை வழியாக நடை. அப்போஸ்தலர் 28:15 பாருங்கள். ரோமிலிருந்து சகோதரர்கள் எதிர்கொண்டு வருகிறார்கள். சிலர் மூன்று சத்திரம் வரைக்கும், சிலர் அப்பியுபுரம் வரைக்கும். அப்பியுபுரம் ரோமிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல். திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போகிற தூரத்துக்குக் கொஞ்சம் கூட. வந்தவர்கள் பவுலுக்குப் பிரசங்கம் செய்தார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள் என்று எதுவும் எழுதவில்லை. அவர்களைக் கண்டு பவுல் தைரியமடைந்தார் என்றுதான் இருக்கிறது. வெறுமனே முகத்தைப் பார்த்ததில்!

அதே பவுல் 2 தீமோத்தேயு 4-ல், கர்த்தர் எனக்குத் துணையாக நின்றார் என்று எழுதுகிறார். அதே அதிகாரத்தில், தேமா என்னை விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும்தான் இருக்கிறான், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்றும் எழுதுகிறார். கர்த்தர் துணை நிற்கிறார், சரி. குளிருக்கு மேலங்கியை ஒரு மனுஷன்தான் சுமந்துகொண்டு வர வேண்டும்.

இப்போது உங்கள் மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். பிரியாணியை நான் குறை சொல்ல மாட்டேன். ஊழியக்காரர் ஒருவர் தன் சபையார் யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவதே பெரிய காரியம். ஆனால் 60 பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில், "ஜெபக் குறிப்பு உள்ளவர்கள் சொல்லலாம்" என்று மைக்கை நீட்டினால் யார் வாயைத் திறப்பார்? "சபை வளர்ச்சிக்காக, கட்டிட வேலைக்காக" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். மகன் ஒரு வருடமாகச் சபைக்கு வரவில்லை என்றோ, வட்டிக்கு வாங்கிவிட்டேன் என்றோ, மூன்று மாதமாக ஜெபிக்கவே முடியவில்லை என்றோ யாரும் சொல்வதில்லை.

நான் ஒரு தடவை சொன்னேன். ஊழியத்தில் ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம். ஐக்கியத்தில் மூத்தவர் ஒருவரிடம், மைக்கில் இல்லை, தனியாகத்தான், என் கடனைப் பற்றிச் சொல்லி அழுதேன். அவரும் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் பொருளாளர் வந்து, "பாஸ்டர், ஏதோ பணக் கஷ்டமாமே?" என்றார். அப்புறம் நாலு வருடம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் சலிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது.

அதை மாற்றியது வேறொருவர். பக்கத்து ஊர்ப் போதகர், வேறு சபைப் பிரிவு. ஞானஸ்நானம் பற்றி அவருக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போகாது. என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது டிவிஎஸ் 50-ல் வந்தார். ரெண்டு நிமிடம் ஜெபித்தார். வராண்டாவில் உட்கார்ந்தார். சாயங்காலம் கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு போய், காலையில் இட்லியோடு வந்தார். ஞாயிறு ஆராதனையை நடத்தத் தன் உதவி ஊழியரை எங்கள் சபைக்கு அனுப்பினார். அனுப்பும்போது அந்தத் தம்பியிடம் அவர் சொன்னதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்: "செய்தியைச் சொல், ஜெபித்துவிட்டு வந்துவிடு. உன் போன் நம்பரை அங்கே யாருக்கும் கொடுக்காதே."

ஊழியர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். நமக்குள் இருக்கிற பயமே ஆடுகளைப் பற்றித்தான். இந்த ஆளை என் மேடையில் ஏற்றினால் என் சபையில் நாலு குடும்பம் அவர் பின்னால் போய்விடுமோ என்று. அந்தப் பயம் இருக்கும்வரை எத்தனை கூட்டம் போட்டாலும் அது வியாபாரிகள் சங்கம் மாதிரிதான் இருக்கும். ஆகவே ஒரு சின்ன ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். வேறு சபைக் குடும்பம் உங்களிடம் வந்தால், வரவேற்பதற்கு முன்னே அந்தப் போதகருக்கு ஒரு போன் போடுங்கள். ஒரே வருடத்தில் உங்களைப் பார்க்கிற பார்வை மாறும்.

இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றி எல்லோரும் பேசுவோம், வேதாகம மொழிபெயர்ப்பைப் பற்றி. நான் அவர்கள் வீட்டு ஒழுங்கைச் சொல்கிறேன். 1800-ல் வங்காளத்துச் சீராம்பூரில் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் குடும்பங்களோடு ஒன்றாகக் குடியிருக்கத் தொடங்கினார்கள். ஒருவர் செருப்புத் தைத்தவர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் அச்சுக்காரர். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலத்தையும் ஒரு வேலைக்காக ஒதுக்கினார்கள்: அந்த வாரத்தில் தங்களுக்குள் வந்த மனஸ்தாபங்களைப் பேசித் தீர்ப்பது, ஒருவரையொருவர் நேசிப்போம் என்று மறுபடி உறுதி சொல்வது. மறுநாள் ஞாயிறு, பார்த்துக்கொள்ளுங்கள். சண்டையே வராது என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை, வாராவாரம் வரும் என்று தெரிந்து நாள் குறித்து வைத்தார்கள். 1823-ல் வார்டு காலராவில் சாகும்வரை மூவரும் பிரியவில்லை. 1812-ல் அவர்கள் அச்சகம் தீப்பிடித்து எரிந்தபோது, இங்கிலாந்தில் பணம் திரட்டி அனுப்பியதில் முன்னே நின்றவர் ஆண்ட்ரூ ஃபுல்லர். அவரும் ஒரு சபைப் போதகர்தான். கேரி இந்தியாவுக்குக் கிளம்பும் முன்பிருந்தே சிநேகிதர். 20 வருடம் கழித்தும் விட்டுவிடவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மாதக் கூட்டத்தை விடாதீர்கள். அங்கேதான் ஆள் கிடைப்பார். ஆனால் பாரத்தை அங்கே இறக்கப் பார்க்காதீர்கள். அந்த 60 பேரில் ரெண்டு பேரைத் தேடுங்கள். பேசுகிறவரைவிட, கேட்டதை வெளியே சொல்லாதவரைப் பாருங்கள். முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள், அது ஊரைச் சுற்றி வருகிறதா என்று ஆறு மாதம் பாருங்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் நான் அப்படித்தான் செய்தேன். தனி ஊழியம் செய்கிற நமக்கு இது இன்னும் அவசியம். சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைப் போதகர்களான ஐயர்மாருக்கு மேலே பேராயர் இருக்கிறார், திருமண்டலம் இருக்கிறது, ஓய்வு பெற ஒரு வயது இருக்கிறது. நாம் படுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சபையைத் திறக்கவே ஆள் இல்லை. பாஸ்டரம்மாவுக்கும் ஒரு தோழி வேண்டும். அவர்கள் மனதில் இருப்பதை நம்மிடமும் சொல்ல முடியாது, சபைப் பெண்களிடமும் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரகசியம் காப்பது வேறு, குற்றத்தை மூடி மறைப்பது வேறு. அந்தியோகியாவில் பேதுரு தவறினபோது பவுல் எல்லோருக்கும் முன்பாகவே கேட்டார். ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்துவிட்டு, "பாஸ்டர், நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று ஒருவர் வந்தால், அங்கே ஐக்கியம் என்ற பேச்சே இல்லை. போலீசுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமை விஷயத்தில், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற வசனத்தை அதற்குக் குடையாகப் பிடிக்கிறவர்களோடு நான் உட்கார மாட்டேன்.

அந்தச் சகோதரருக்குக் கடைசியாக ஒன்று. ஞாயிறு சாயங்காலம் நாலு மணி இருக்கிறதே, ஆராதனை முடிந்து, எல்லோரும் போய், பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, யார் வரவில்லை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்போமே, அந்த நேரத்தில் பக்கத்து ஊர்ப் போதகரும் அதையேதான் எண்ணிக்கொண்டிருப்பார். இந்த ஞாயிறு அவருக்கு போன் போடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வி, ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்...