நிழலைக் கொண்டுபோன காற்று

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தப் புழுக்கத்திலும் நோட்டீஸை விசிறியாக மடக்கி வீசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திருத்துறைப்பூண்டி மக்களுக்கும் என் வணக்கம். சித்திரைத் திருவிழாப் பந்தலில் நின்றுகொண்டு, “டெல்டாவை அதிகம் வாட்டுவது கோடையா, புயலா?” என்ற தலைப்பில், புயல்தான் என்று பேச வந்திருக்கிறேன். உங்கள் எல்லார் கழுத்திலும் துண்டு இருக்கிறது, வேர்வை வழிகிறது. இந்த நேரத்தில் உங்கள் மனசு எதிரணிப் பக்கம்தான் சாயும். அது எனக்குத் தெரியும்.

எதிரணி அண்ணன் அழகாகச் சொன்னார். “புயல் எப்போதோ வரும், ஒரு ராத்திரியில் போய்விடும். வெயில் வருஷா வருஷம் வரும், மாசக்கணக்கில் இருக்கும்” என்றார். அவருக்குப் பிறகு பேசிய அக்கா, வறட்சியைச் சொல்லும்போது குரல் உடைந்தார்கள். 2016-ல் வானம் பொய்த்தது, அடுத்த கோடையில் குளத்தில் மண் வெடித்துக் கிடந்தது, கருகிய சம்பாவைப் பார்த்துப் பார்த்தே உயிர்விட்ட மனிதர்கள் இந்த மண்ணில் உண்டு. அந்த வலியில் ஒரு குன்றிமணி அளவைக்கூட நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அக்கா, அந்தக் கணக்கைக் கோடையின் பெயரில் எழுதாதீர்கள். 2016-ல் பொய்த்தது ஐப்பசி, கார்த்திகை மழை. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2012-லிருந்து 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. எட்டு வருஷம் குறுவைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். 2020-ல்தான் மறுபடி சொன்ன தேதிக்குத் தண்ணீர் வந்தது. மழை வராததும் ஆற்றில் தண்ணீர் வராததும் ஒரு வழக்கு. கத்திரி வெயில் வேறு வழக்கு.

கோடை எங்களுக்குப் புதுசு இல்லை ஐயா. இந்த மண்ணே கோடையை வைத்து வேலை செய்யத் தெரிந்த மண். “சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்” என்று சொன்னவர்கள் நம் பாட்டன்மார். சம்பா அறுப்புக்கு முன்னாலேயே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் வெயில் ஏறும்போது களத்துக்கு வரும். புழுங்கல் நெல் காய வேண்டும், கருவாடு காய வேண்டும், வடகம் காய வேண்டும், வாய்க்கால் தூர்வார வேண்டும். வேதாரண்யத்து உப்பளத்தில் பாத்தி பூக்க வேண்டுமென்றால் வானம் வெளுத்துக் கிடக்க வேண்டும். அங்கே சித்திரையில் மேகம் திரண்டால்தான் பயம்.

அதே வேதாரண்யத்துக்கு, 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் நடக்கத் தொடங்கினார்கள். வந்து சேர்ந்தது ஏப்ரல் 28. பதினைந்து நாள், முழுக்க முழுக்கச் சித்திரை வெயிலில், கால்நடையாக. சாலையோரம் மரம் இருந்தது, ஊருக்கு ஊர் மோர் கொடுக்க ஆள் இருந்தார்கள். வெயிலில் இரண்டு வாரம் நடக்கலாம். புயலில் திண்ணையிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குப் போக முடியாது. நான் போக முடியாமல் நின்றவள். அதனால் சொல்கிறேன்.

நான் வேதாரண்யத்துக்கு வடக்கே உள்ள ஊர்க்காரி. 2018 நவம்பர் 15 ராத்திரி. முகாமுக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள், அம்மாவையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்து முகாமில் விட்டுவிட்டோம். மாட்டைத் தனியாக விட மனசில்லாமல் அப்பாவும் நானும் வீட்டில் தங்கினோம். பன்னிரண்டு மணிக்கு மேல் கஜா புயல் கரையேறியது. முதலில் வாடைக் காற்று. வடக்கேயிருந்து சுவரோடு சேர்த்து அழுத்துகிற மாதிரி அடித்தது. தென்னை முறியும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? நெட்டை மரம் உடனே முறியாது. நார் நாராகக் கிழியும், அப்புறம் ஒரு வெடி. அதற்கப்புறம் தரை ஒருமுறை குலுங்கும். அப்பா ஒவ்வொரு குலுங்கலுக்கும் வாய்க்குள்ளே எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார்.

பிறகு ஒரேயடியாக ஓய்ந்தது. அப்பா கதவைத் திறக்கப் போனார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். சின்ன வயசில் அப்பாயி சொன்னது ஞாபகம் வந்தது. “ஓஞ்சா வெளிய போகாதே, திரும்பி வரும்.” புயலின் கண் தலைக்கு மேலே நிற்கும்போது அப்படித்தான் அமைதியாக இருக்கும். கண் நகர்ந்ததும் காற்று திசை மாறித் தெற்கிலிருந்து சோழகமாக வரும். வந்தது. வடக்கத்திக் காற்றுக்குத் தாக்குப்பிடித்துச் சாய்ந்து நின்ற மரங்களை எதிர்ப்பக்கமிருந்து பிடித்துத் தலையைத் திருகியது.

விடிந்தபோது தோப்பு இல்லை. நூற்று நாற்பது மரத்தில் பதினொன்று நின்றன. வீட்டு வாசலில் நின்றால் அதுவரை தெரியாத அடுத்த ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. நடுவர் ஐயா, நாற்பது வருஷம் பார்த்த வாசலிலிருந்து, பார்க்கவே முடியாத ஒரு இடம் திடீரென்று தெரிவது எப்படி இருக்கும் தெரியுமா? அப்பா அன்றைக்கு மரங்களைப் பார்க்கவில்லை, அந்தத் தொட்டியைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தோப்பு மட்டுமா? பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னை விழுந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு கருகின மாதிரி நின்றது. கோடியக்கரையில் மான்கள் செத்துக் கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள், அதில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அப்புறப்படுத்த. அப்புறப்படுத்தாமல் விட்டால் அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு குடியேறி, மிஞ்சி நிற்கிற மரத்தின் குருத்தையும் தின்னும். செத்த மரத்தை எடுக்கவே எங்களுக்கு அந்தத் தை மாசம் முழுக்கப் போனது.

இப்போது எதிரணிக்கு வருகிறேன். என் பேச்சின் மையமே இதுதான். நீங்கள் சொல்கிற அந்தக் கோடை, 2019-ல் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது தெரியுமா?

எல்லா வருஷமும் வருகிற அதே பங்குனி, அதே சித்திரை. ஆனால் அந்த வருஷம் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. அதுவரை மதியம் சாப்பிட்டதும் அப்பா கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒட்டுமாமரத்துக்கு அடியில் போய்விடுவார். நிழல் நகர நகரக் கட்டிலும் நகரும். நாலு மணிக்குக் கட்டில் எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் அம்மா கடிகாரம் பார்க்க வேண்டாம். அந்த மாமரம் வேரோடு போயிருந்தது. வேப்பமரம் போயிருந்தது. கொட்டகைக்கு மேலே புதுசாகத் தகரம் போட்டிருந்தோம். மாடு உள்ளே நிற்க முடியாமல் வெளியே வரும், வெளியே நிற்க முடியாமல் உள்ளே போகும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஊறுகாய்க்குக்கூட மாங்காயைக் கடையில் வாங்கினோம்.

அப்போது ஏப்ரல் கடைசியில் வங்கக் கடலில் இன்னொரு புயல் கிளம்பியது. ஃபானி. தமிழ்நாட்டுப் பக்கம் வரலாம் என்று முதலில் சொன்னபோது, ஆறு மாசத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் இழந்த எங்கள் ஊரில் பாதிப் பேர் நடுங்கினார்கள். பாதிப் பேர், காற்று இல்லாமல் மழை மட்டும் வந்தால் போதும் சாமி என்றார்கள். அது திரும்பி வடக்கே போய், மே 3-ஆம் தேதி ஒடிசாவில் பூரி பக்கம் கரையேறியது. எங்களுக்கு ஒரு சொட்டு இல்லை. போகிற போக்கில் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போனது.

இது மே மாசப் புயல்களின் வழக்கம். கடலோரத்தில் இருக்கிற நமக்கு வெயிலைத் தணிப்பது கடல்காற்று. முற்பகலிலேயே அது உள்ளே வந்துவிட்டால் நாகப்பட்டினம் பிழைத்துக்கொள்ளும். திருச்சிக்காரர்கள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். வடக்கே ஒரு புயல் சுழலும்போது அது மேற்கேயிருந்து தரைக்காற்றை இழுக்கும். அந்தக் காய்ந்த காற்று பலமாக அடிக்கிற வரைக்கும் கடல்காற்று கரையைத் தாண்டி வர முடியாது. அதனால் அண்ணே, நம் கத்திரியில் சில நாள் நீங்கள் வெயில் என்று திட்டுவது, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நிற்கிற ஒரு புயலின் வேலை.

“எப்போதோ வருவது” என்றீர்கள். எங்கள் அப்பாயியிடம் யாருடைய வயசைக் கேட்டாலும் வருஷம் சொல்ல மாட்டார். “புயலடிச்ச கார்த்திகைக்கு இவனுக்குப் பல்லு மொளைக்கலை” என்பார். அது 1952 நவம்பர் 30, நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல். அதற்கு அடுத்த தலைமுறைக்கு 1977 நவம்பர் 12. 500-க்கும் மேற்பட்ட உயிர்கள், சுமார் 10 லட்சம் பேருக்கு வீடு இல்லை. அந்தக் காலத்தில் புயலுக்குப் பெயர் வைக்கிற வழக்கமும் இல்லை, 2004-க்குப் பிறகு வந்தது அது. பெயர் இல்லாமலே பேரப்பிள்ளை வரை நினைவு நிற்கிறது. 2008-ல் நிஷா. காற்று பெரிசில்லை, ஆனால் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை. 2020 டிசம்பரில் புரெவி, நகராமல் நின்றே கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர் கொட்டியது. கதிர் வருகிற நேரத்துச் சம்பாவுக்கு மேலே தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பந்தலில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை கோடையைப் பார்த்த அப்பாயி ஒரு கோடையையாவது வைத்து யார் வயசையாவது சொன்னாரா? நினைத்துப் பார்க்கிறேன், ஒருமுறைகூட இல்லை.

நடுவர் ஐயா, மணி அடிக்கப் போகிறீர்கள், முடித்துக்கொள்கிறேன். 2019 ஆடியில் அப்பா மறுபடி தென்னங்கன்று வைத்தார். எல்லாம் நெட்டை. குட்டையானால் சீக்கிரம் காய்க்குமே என்றேன். “எனக்கு நெழல் வேணும்” என்றார். குடம் குடமாகத் தூக்கி ஊற்றி அத்தனை கோடையையும் கடத்திவிட்டார். வெயில் ஒரு கன்றைக்கூட அவரிடமிருந்து பறிக்கவில்லை. இந்தப் பங்குனியில்தான் ஒரு மரம் முதல் பாளை விட்டது. கிளம்பும்போது பார்த்தேன், அதன் அடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நிழல் பாதிக் கட்டிலுக்குத்தான் வந்திருந்தது. காலை மடக்கி அந்தப் பாதிக்குள்ளேயே இருந்தார். காற்று கொஞ்சம் பலமாக அடித்தபோது, அண்ணாந்து அந்தப் பாளையைப் பார்த்தார்.

நன்றி, வணக்கம்.