ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் நூலகர் அவர்களே, வகுப்பை முடித்த கையோடு ஓடி வந்திருக்கும் கணினித் துறைப் பேராசிரியர் அவர்களே, வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். உறுப்பினர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். போன மழையில் நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது மோட்டாரோடு முதலில் வந்தவர் அவர்தான். எதிர்க்கட்சிக்காரர்களும் கைதட்டலாம், தப்பில்லை. பொன்னாடைக்குப் பதிலாகத் துண்டு போர்த்தினீர்கள், அதற்கும் நன்றி. பொன்னாடை பீரோவில் தூங்கும், துண்டு உதவும்.

'பெருங்கணினிகளும் சுற்றுச்சூழலும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். மின்சாரம், தண்ணீர், பழைய இயந்திரக் குப்பை என்று மூன்று விஷயம் பேச வந்தேன். நான் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் மீட்டர் சோதனைப் பிரிவில் இருந்தவன். எதைப் பேச ஆரம்பித்தாலும் மீட்டரில்தான் வந்து நிற்பேன். என் அப்பாயி அடிக்கடி சொல்லுவார்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. இன்றைக்கு இதைப் பலமுறை கேட்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மின்சாரம். நீங்கள் செல்போனில் படம் பார்த்தாலும், செயற்கை நுண்ணறிவிடம் ஜாதகம் கேட்டாலும், எங்கோ ஒரு கட்டடத்தில் சர்வர்கள் என்கிற பெரிய கணினிகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. நம் சென்னையில் சிறுசேரிப் பக்கமும் அம்பத்தூரிலும் இப்படிப்பட்ட கட்டடங்கள், அதாவது டேட்டா சென்டர்கள், இருக்கின்றன. இவற்றை வரவேற்றுத் தமிழக அரசு 2021-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-ல் உலக டேட்டா சென்டர்கள் எடுத்தது சுமார் 41,500 கோடி யூனிட். உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030-க்குள் இது இரண்டு மடங்குக்கும் மேலாகும் என்கிறார்கள். அயர்லாந்தில் 2015-ல் நாட்டு மின்சாரத்தில் 5 சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தவை, 2023-ல் 21 சதவீதத்துக்கு வந்துவிட்டன.

இதைக் குறைக்க வழி இருக்கிறதா? இருக்கிறது, அளந்தால். கட்டடத்துக்குள் போகும் மொத்த மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் எடுக்கும் மின்சாரத்தால் வகுக்கிறார்கள். அதற்குப் பெயர் பி.யூ.இ. 2007-ல் இந்தக் கணக்கு புழக்கத்துக்கு வந்தது. 1.6 என்றால், கணினிக்கு 100 யூனிட் போனால் ஏசிக்கும் மற்றதுக்கும் 60 யூனிட் போகிறது. நன்றாக நடத்தும் இடங்களில் 1.1 வரை இறக்கியிருக்கிறார்கள். பெரிய மந்திரம் எதுவும் இல்லை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்காமல் தடுப்பு வைத்தார்கள், ஏசியின் டிகிரியை ஏற்றி வைத்தார்கள். சர்வருக்குள் போகும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்று பொறியாளர் சங்கங்களே சொல்கின்றன. ஸ்வெட்டர் போடுகிற குளிர் மனிதனுக்கும் வேண்டாம், கணினிக்கும் வேண்டாம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். 2019 ஜூன் மாதம் யாருக்கும் மறந்திருக்காது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நான்கும் காய்ந்து கிடந்தன. எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடு. தினம் ஒரு லாரித் தண்ணீர், பில்லில் பன்னிரண்டாயிரம் லிட்டர். மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் கையில் கொடிக்கம்போடும் தையல் டேப்போடும் இறங்கி வந்தார். லாரித் தண்ணீர் விழும் நிலத்தடித் தொட்டி, அதுதான் சம்ப், அதன் நீளம் நான்கு மீட்டர், அகலம் மூன்று மீட்டர். "அப்போ பன்னிரண்டாயிரம் லிட்டர் விட்டா சரியா ஒரு மீட்டர் ஏறணும்" என்றார். நாங்கள் ஆண்கள் எல்லோரும் அதுவரை செய்துகொண்டிருந்தது லாரியைச் சுற்றி நின்று அரசியல் பேசியதுதான். லாரி காலியானதும் கம்பை விட்டுப் பார்த்தார். எண்பது சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது. இரண்டாயிரத்து நானூறு லிட்டரைக் காணோம்! டிரைவர் அசரவில்லை. "அம்மா, வெயிலுக்கு ஆவியாயிருக்கும்" என்றார். டீச்சரும் அசரவில்லை. "ஏம்ப்பா, லாரி கொதிச்சிக்கிட்டே வந்துச்சா?"

மறுநாள் யாரும் சண்டை போடவில்லை. கம்பு மட்டும் கேட்டில் சாய்ந்து நின்றது. தண்ணீர் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர் ஏறியது. அப்புறம் டிரைவரே வந்ததும் "கம்பை எடுத்துட்டு வாங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், அந்த டிரைவர் சொன்ன பொய் டேட்டா சென்டரில் நிஜம். சர்வர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. கூலிங் டவர் வைத்த இடத்தில் தண்ணீரை ஆவியாக்கி அந்தச் சூட்டை வெளியேற்றுகிறார்கள். ஒரு யூனிட் சூட்டுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ஆவியாகும். பத்து மெகாவாட் மையம் ஒருநாள் முழுக்க ஓடினால் 2,40,000 யூனிட். எல்லாச் சூட்டையும் இப்படியே வெளியேற்றினால் 3,60,000 லிட்டர். எங்கள் கணக்கில் முப்பது லாரி! எல்லா மையமும் இப்படி இல்லை. காற்றாலேயே குளிர்விக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. அங்கே தண்ணீர் மிச்சம், மின்சாரம் கூடுதல். எது எங்கே எவ்வளவு என்பதுதான் வெளியே நிற்கும் நமக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஓரிகன் மாநிலத்தில் தி டாலஸ் என்று கொலம்பியா நதிக்கரையில் ஒரு சிறிய ஊர். அங்கே கூகுளின் மையம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு பத்திரிகை கேட்டது. வணிக ரகசியம் என்று நகர நிர்வாகமே நீதிமன்றம் போனது. ஒரு வருடத்துக்கும் மேல் இழுத்து, 2022 டிசம்பரில் சமரசமாகிக் கணக்கு வெளியே வந்தது. பார்த்தால், நகரத்துத் தண்ணீரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல்!

நமக்கு நல்ல முன்மாதிரி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரிக்கும் நிலையங்கள் 2019-ல் வந்தன. மணலிப் பக்கமும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஆலைகளுக்கு அந்தத் தண்ணீர் போகிறது. கார் ஆலைக்கு ஆகும் தண்ணீர் கம்ப்யூட்டருக்கு ஆகாதா? பேராசிரியர் சிரிக்கிறார், ஆகும் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே நான் கேட்பது ஒரு பலகை. ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகை தொங்குகிறதே, அதேபோல ஒவ்வொரு டேட்டா சென்டர் வாசலிலும் ஒரு கணக்குப் பலகை. இந்த மாதம் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், அந்தத் தண்ணீர் குடிநீரா, போர்வெல் தண்ணீரா, சுத்திகரித்த கழிவுநீரா. அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பு வாசலில் முதலில் நாங்களே வைத்துவிட்டோம், டீச்சர் கையெழுத்தில்.

மூன்றாவதாகப் பழைய இயந்திரக் குப்பை... நூலகர் சீட்டு அனுப்பிவிட்டார். அதை இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம், எப்படியும் அவர் என்னைக் கூப்பிடாமல் இருக்கமாட்டார். பலகைக்கான மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். போடுகிறவர்கள் பேனாவைத் தயவுசெய்து அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். போன கூட்டத்தில் நான்கு வைத்தேன், ஒன்றுதான் திரும்பி வந்தது. வணக்கம்.