சொல்விளம்பி: கோப்பை முன்னே புரளும் சொற்கள்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் இளைய நண்பர்களுக்கும் என் வணக்கம்.

நன்னூல் படித்தவர்களுக்குக் குழூஉக்குறி நினைவிருக்கும். ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் இயல்பான பெயரை விட்டுவிட்டு, தங்களுக்குள் வேறு பெயர் வைத்துப் புழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வரும் உரைகாரர், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்கிறார். என்ன பெயர் பாருங்கள்! விளம்புதல் என்றால் சொல்லுதல். குமரிப் பக்கத்தில் இலையில் சோறு பரிமாறுவதையும் விளம்புதல் என்றுதான் சொல்கிறார்கள். பந்தியில் சோறு வைப்பதுபோல் சொல்லை அள்ளி வைக்கிறது கள் என்று அந்த வேடர்கள் கண்டிருக்கிறார்கள்.

நான் இன்று பேச வந்தது கள்ளைப் பற்றியல்ல. நண்பர்கள் நாலு பேர் கோப்பையோடு உட்கார்ந்ததும் நாக்கில் புரண்டு பிறக்கிறதே ஒரு வகைப் பேச்சு, அதைப் பற்றி. தெரிந்து புரட்டினால் சிலேடை. தெரியாமல் புரண்டால் வாய்தவறல். இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான். அதை விளையாட்டாக்குபவர் சொன்னவர் அல்ல, கேட்டுப் பிடித்தவர். இதுதான் என் கட்சி.

முதலில் ஒரு விருந்துக்குப் போவோம். வியன்னாவைச் சேர்ந்த மெரிங்கர் என்ற மொழியறிஞர், மேயர் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1895இல் வாய்தவறல்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு காட்சி. மேலதிகாரியின் நலம் வாழ்த்திக் கோப்பைகளை முட்டிக் குடிப்போம் என்று சொல்ல எழுந்தவர், ‘தலைவரின் நலம் வாழ்த்தி ஏப்பம் விடுவோம்’ என்று சொல்லிவிட்டார். ஜெர்மன் மொழியில் கோப்பை முட்டுவதற்கும் ஏப்பம் விடுவதற்கும் வினைச்சொல் ஒன்றே. முன்னொட்டு மட்டும்தான் வேறு. ‘அன்ஷ்டோசன்’ என்றால் முட்டுவது, ‘ஔஃப்ஷ்டோசன்’ என்றால் ஏப்பம். அந்த வாக்கியத்தில் அதற்குச் சற்று முன்னால் ‘ஔஃப்’ என்ற அசை வந்துவிட்டது. அது நாக்கில் தங்கி, அடுத்த சொல்லிலும் ஏறிக்கொண்டது என்பது மெரிங்கரின் விளக்கம்.

1901இல் உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் பிராய்டு இதே காட்சியை எடுத்துக்கொண்டு மறுத்தார். ஒலி வழி அமைத்துக் கொடுத்திருக்கலாம், ஆனால் தலைவர்மேல் உள்ளே அடக்கி வைத்திருந்த ஏளனம்தான் அந்த வழியாக வெளியே வந்தது என்றார். ஒரு ஏப்பத்துக்காக இரண்டு பேரறிஞர்கள் வாதிட்டார்கள்! நான் பெரும்பாலும் மெரிங்கர் பக்கம். வாய் தவறியவரைப் பிடித்து, ‘பார், மனத்தில் இருந்தது வந்துவிட்டது’ என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கம் எந்த விருந்தையும் கெடுத்துவிடும். நம் ஊர் வழக்கு இதில் பெருந்தன்மையானது: குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு.

தவறல் தாறுமாறாக நடப்பதில்லை. அதற்கு ஒழுங்கு உண்டு. ‘தேனும் பாலும்’ என்று சொல்ல வந்தவர் ‘பேனும் தாலும்’ என்று சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், என்ன இடம் மாறியது என்று பாருங்கள். ‘தே’ போய் ‘பா’ வரவில்லை. த் என்ற மெய்யும் ப் என்ற மெய்யும் மட்டுமே இடம் மாறின. ஏகாரமும் ஆகாரமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நம் எழுத்தில் ‘பா’ என்பது ஒரே வடிவம். பள்ளிப் பிள்ளை அதை ஒரே எழுத்தாகத்தான் எண்ணுகிறது. ஆனால் இலக்கணம் அதை உயிரும் மெய்யும் கூடியது என்று பிரித்துச் சொல்கிறது. அந்தப் பிரிப்பு ஏட்டில் மட்டும் இருக்கும் கணக்கல்ல. பேசுகிறவன் மனத்தில் மெய் தனியாக, உயிர் தனியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது; நாக்கு புரளும் நொடியில் அது வெளியே தெரிகிறது. எழுத்தே அறியாதவரின் நாக்கும் இப்படித்தான் புரளும். முதல் மெய் பெரும்பாலும் முதல் மெய்யோடுதான் மாறும். சொல்லின் தலையும் வாலும் மாறிக்கொள்வது அரிது. விக்டோரியா ஃபிராம்கின் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1971இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரம் இதுவே: மொழி எந்தத் துண்டுகளால் ஆனது என்பதற்குப் பிழைகளே சாட்சி.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘பேன்’ ஒரு சொல். ‘தால்’ என்றால் நாக்கு. தாலாட்டில் ஆடுவது அதுதான். புரண்டு பிறந்த இரண்டுமே பொருளுள்ள சொற்கள். 1975இல் பார்ஸ், மோட்லி, மக்கே என்ற மூவர், ஆய்வுக்கூடத்தில் சொல் இணைகளை வேகமாக வாசிக்க வைத்து வாய்தவறலை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். புரண்ட பின்னும் சொல்லாகவே நிற்கும் தவறல்கள்தான் மிகுதியாக வந்தன. பொருளற்ற ஒலியாகக் கூடியவை குறைந்தன. பேச்சு வெளியே வருமுன் உள்ளே ஒரு வாயிற்காவலர் அதைச் சோதிக்கிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது. சொல் போல இருப்பதை விட்டுவிடுகிறார், உளறலைத் தடுக்கிறார். அவையில் சொல்லத் தகாத சொல்லாக மாறக்கூடியதை இன்னும் கடுமையாகத் தடுக்கிறார் என்பதையும் பின்னால் வந்த சோதனைகள் காட்டின.

மது செய்வது அந்தக் காவலரைத் தளர்த்துவதுதான். அது புதிதாக ஒரு சொல்லையும் கற்றுத் தருவதில்லை. பேச்சின் வேகம் குறைகிறது, நாக்கின் நுனி குறி தவறுகிறது, சகரம் ஷகரமாகக் குழைகிறது. முதல் கோப்பையில் தயக்கம் விலகும். அதற்குமேல் போகப் போக, சொன்னவருக்குத் தன் பேச்சு மேலும் மேலும் இனிக்கும். கேட்பவருக்குத்தான் பொருள் பிடிபடாது. சிலேடைக்கு இரண்டு பொருளையும் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். தலை கனத்தவரால் ஒன்றையே நிறுத்த முடியாது. அதனால் கோப்பையில் காபியோ மோரோ இருந்தாலும் இந்த விளையாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

மோர் என்றதும் காளமேகம் வராமல் இருப்பாரா? ஆய்ச்சி ஒருத்தி விற்ற மோரில் தண்ணீரே மிகுந்திருந்ததைப் பார்த்துப் பாடினார்: வானத்தில் இருக்கும்போது கார் என்று பெயர், தரைக்கு வந்தபின் நீர் என்று பெயர், ஆய்ச்சியர் கைக்கு வந்தபின் மோர் என்று பெயர், முப்பேரும் பெற்றாயே! கார், நீர், மோர். தண்ணீர் கலந்ததைக் குற்றமாகச் சொல்லவே இல்லை, தண்ணீருக்குப் பாராட்டுப் பாடுகிறார். நம் மொழியில் ஒரு பானத்தின் முன்னே பிறந்த குறும்புகளில் இதற்கு மேல் ஒன்றை நான் அறியேன்.

சிலேடையை, அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பகுக்கும். சொல் பிரியாமலே இரு பொருள் தருவது முன்னது; பிரித்துப் பார்த்தால் வேறு பொருள் தருவது பின்னது. நண்பர் கூட்டத்தில் நடப்பது பெரும்பாலும் பிரிமொழிதான். ஒருவர் சாதாரணமாக ஒன்று சொல்ல, எதிரே இருப்பவர் அதை வேறு இடத்தில் வெட்டுகிறார். வெட்டியவருக்குத்தான் கைதட்டல். வாய்தவறலும் அப்படியே, ஒருவர் பிடித்துத் திருப்பிச் சொல்லாவிட்டால் அது காற்றோடு போய்விடும். ஊரே பிடித்துக்கொண்டால் அகராதியிலும் ஏறும். விசிறி–சிவிறி, சதை–தசை, வண்டைக் குறிக்கும் ஞிமிறு–மிஞிறு. எழுத்து இடம் மாறிய இந்த வடிவங்களும் வழக்கில் நின்றுவிட்டன.

பிடிப்பதில் ஒரு கண்ணியம் வேண்டும். சொல்லைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. திக்குவாய் உள்ளவரின் பேச்சோ, பக்கவாதத்துக்குப் பிறகு சொல் தேடுகிறவரின் பேச்சோ இந்த விளையாட்டுக்குரிய பொருள் அல்ல. அங்கே சிரிப்பவரை எழுப்பி வெளியே அனுப்புவதில் எனக்குத் தயக்கமில்லை. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை எண்ணிப் பாருங்கள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்கிறார். அந்த அவையில் பாடுகிறவருக்கே முதல் கோப்பை. பேசுகிறவருக்கு அந்த மதிப்பு நம் கூட்டத்திலும் வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நண்பர் வாயில் ஒன்று புரண்டால் சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அவர் என்ன சொல்ல வந்தார், என்ன வந்தது, அதற்கு முன்னும் பின்னும் இருந்த சொற்கள் எவை என்று, அவர் அனுமதியோடு, ஒரு வரி எழுதி வையுங்கள். முன்னும் பின்னும் இருந்த சொற்கள் முக்கியம். அவை இல்லாவிட்டால் அந்த ஏப்பத்துக்குக் காரணமான ‘ஔஃப்’ கிடைத்திருக்காது. மெய்யும் உயிரும் பிரிவதைத் தமிழ் நாக்குகளிலிருந்தே காட்ட நமக்கு அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து வகைப்படுத்துவோம். வணக்கம்.