கர்ப்பமா இருக்கும்போது ஆஃப் பாயில் சாப்பிடலாமா?

அடுத்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "எனக்கு நாலாவது மாசம். ஆஃப் பாயில்னா ரொம்பப் பிடிக்கும். இப்ப சாப்பிடலாமா, இல்ல முட்டையையே நிறுத்திடணுமா?"

முட்டையை நிறுத்தாதீங்கம்மா. ஆஃப் பாயிலை மட்டும் குழந்தை பிறக்குற வரைக்கும் தள்ளி வைங்க. ஒரு முட்டையில கிட்டத்தட்ட 6 கிராம் புரதம் இருக்கு. குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின்ங்கிற சத்தும் நிறைய இருக்கு. அது மஞ்சள்கருவுலதான் இருக்கு, அதனால மஞ்சளை எடுத்துப் போட்டுட்டு சாப்பிடாதீங்க.

அப்புறம் ஏன் ஆஃப் பாயில் வேண்டாம்ங்கிறேன்? சால்மோனெல்லான்னு ஒரு பாக்டீரியா. ஓட்டுக்கு வெளியில ஒட்டியிருக்கலாம். ஆனா கோழிக்கே தொற்று இருந்தா, ஓடு உருவாகுறதுக்கு முன்னாடியே அது முட்டைக்குள்ள போயிடலாம். பார்க்க சுத்தமா இருக்கும், வாடையும் இருக்காது. அந்தத் தொற்று நமக்கு வந்துச்சுன்னா காய்ச்சல், வாந்தி, வயித்துப்போக்கு. கர்ப்பத்துல உடம்புல நீர் வத்திப் போறது நல்லதில்ல. அபூர்வமா தொற்று ரத்தத்துல பரவி கருவையே பாதிக்கலாம். ஒரு ருசிக்காக அந்த ஆபத்து வேண்டாமே.

"இன்டர்நெட்ல சாப்பிடலாம்னு போட்டிருக்கே"ன்னு சில பேர் கேக்குறீங்க. பிரிட்டன்ல 2017-ல அப்படி மாத்திச் சொன்னாங்க, உண்மைதான். ஆனா அது தடுப்பூசி போட்ட கோழிகளோட, தனி முத்திரை குத்தின முட்டைக்கு மட்டும். எல்லா முட்டைக்கும் அதைப் பொருத்திக்காதீங்க.

வேகவைக்கிறதுன்னா, தண்ணி கொதிச்சப்புறம் 10, 12 நிமிஷம் விடுங்க. உடைச்சுப் பார்த்தா வெள்ளை, மஞ்சள் ரெண்டுமே கெட்டியா இருக்கணும். ஆம்லெட்னா நடுவுல ஈரமா வழியக்கூடாது. பச்சை முட்டை போட்ட மயோனைஸ், கேக் மாவை விரல்ல தொட்டு ருசி பார்க்கிறது, இதெல்லாமும் பச்சை முட்டைதான், பல பேருக்கு அது தோணுறதே இல்ல. பச்சையா குடிச்சா சத்து அதிகம்ங்கிறதும் சரியில்ல. வெந்த முட்டையோட புரதத்தைத்தான் உடம்பு நல்லா எடுத்துக்கும்.

விரிசல் விட்டதை வாங்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல வைங்க. வேகவைச்சதை வெளியில 2 மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. பச்சை முட்டையைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்க.

ஏற்கெனவே ஆஃப் பாயில் சாப்பிட்டிருந்தா பயந்துடாதீங்கம்மா, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. காய்ச்சலோ வயித்துப்போக்கோ வந்தா மட்டும் நீங்களா மாத்திரை போடாம, அன்னைக்கே டாக்டர்கிட்ட போய் முட்டை சாப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்க.