ஸ்டிரைக் பண்ணச் சொன்னதுக்கு நஷ்ட ஈடா? சென்னையில் நடந்த வழக்கும், அதுல பிறந்த தொழிற்சங்கச் சட்டமும்

"நாளைக்கு யாரும் மில்லுக்குள்ள போகாதீங்க"ன்னு ஒரு தொழிற்சங்கத் தலைவர் மேடையில சொல்றார். உடனே முதலாளி ஹைகோர்ட்டுக்குப் போய், "இவர் பேசினதால எங்களுக்கு நஷ்டம், இவர்கிட்ட வசூலிச்சுக் கொடுங்க"ன்னு கேட்க முடியுமா? 1920-ல சென்னையில கேட்டாங்க. கோர்ட் தடை உத்தரவும் கொடுத்துச்சு!

முன்கதையை வேகமா பார்த்துடலாம். 1908-ல தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால நின்னாங்க, கூலி உயர்வு கிடைச்சுது. ஆனா நிலையா ஒரு சங்கம் அங்க உருவாகலை. அது நடந்தது பெரம்பூர்ல. பக்கிங்காம், கர்நாடிக்னு ரெண்டு மில், ஜனங்க வாயில பின்னி மில். 1911 தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில ஆம்பளைங்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை. மதியச் சாப்பாட்டு இடைவேளை ரொம்பக் குறைச்சல். தொழிலாளிங்க முதல்ல கொண்டுவந்த குறைகள்ல ஒண்ணு இதுதான்.

குறையைக் காது கொடுத்துக் கேட்டவங்க செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். இவங்க நடத்தின ஆன்மிகச் சபைக்குச் சொற்பொழிவு கேட்க வந்த மில் தொழிலாளிங்கதான் மனசுல இருந்ததைக் கொட்டினாங்க. 1918 ஏப்ரல் 27-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துச்சு. அன்னி பெசன்ட்டோட வேலை செஞ்ச பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம்னு வரலாற்று ஆசிரியர்கள் பலரும் சொல்றது இதைத்தான்.

இப்போ வழக்குக்கு வருவோம். 1920 கடைசியில மில்லுல தகராறு முத்திப் போச்சு. பின்னி கம்பெனி வாடியா மேலயும் மத்த சங்கத் தலைவர்கள் மேலயும் வழக்குப் போட்டுச்சு. குற்றச்சாட்டைக் கவனிங்க: அடிச்சாங்க, உடைச்சாங்கன்னு இல்ல. "எங்ககிட்ட வேலை செய்யறதா ஒப்பந்தம் பண்ணினவங்களை, அந்த ஒப்பந்தத்தை மீறச் சொல்லித் தூண்டினாங்க." அவ்வளவுதான். அன்னைக்கு இருந்த ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி (பழைய கோர்ட் தீர்ப்புகள் வழியா உருவான சட்டம்) அதுவே நஷ்ட ஈடு கேட்கப் போதும். எந்த வேலைநிறுத்தமா இருந்தாலும் இந்த வலையில மாட்டும். ஒப்பந்தத்தை மீறாம எப்படி வேலையை நிறுத்தறது?

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா பார்ப்போம். இதே வலையில இங்கிலாந்துத் தொழிலாளிங்க முன்னாடியே மாட்டியிருந்தாங்க. 1900-ல வேல்ஸ்ல டாஃப் வேல் ரயில் கம்பெனியில வேலைநிறுத்தம். கம்பெனி வழக்குப் போட்டுச்சு. 1901-ல, அன்னைக்கு அங்க உச்ச நீதிமன்றமாவும் இருந்த பிரபுக்கள் சபை, சங்கத்தோட நிதியிலிருந்தே நஷ்ட ஈடு வாங்கலாம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. நஷ்ட ஈடு மட்டும் 23,000 பவுண்ட். கோர்ட்டுச் செலவு தனி. சங்கங்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? ஓட்டுல திருப்பி அடிச்சாங்க. 1906 தேர்தல்ல தொழிலாளர் பிரதிநிதிங்க 29 பேர் பார்லிமென்ட்டுக்குள்ள போனாங்க. அதே வருஷம் சட்டம் வந்துச்சு: தொழில் தகராறுல ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்ங்கறதுக்காக மட்டும் யார் மேலயும் வழக்குப் போட முடியாது.

அதாவது 1920-ல பின்னி மில் தொழிலாளி லண்டன்ல இருந்திருந்தா அவனுக்குப் பாதுகாப்பு இருந்திருக்கும். பெரம்பூர்ல இருந்ததால இல்ல. ஆள்ற அரசு ஒண்ணு, முதலாளியும் பிரிட்டிஷ் கம்பெனி, ஆனா 14 வருஷம் பழைய உரிமை மட்டும் கப்பல் ஏறி இங்க வரலை. நினைச்சாலே கொதிக்குது.

கடைசியில வாடியா தொழிற்சங்கப் பணியிலிருந்து விலகினார். வழக்கும் கைவிடப்பட்டுச்சு. 1921 மார்ச்ல தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி, தொழிற்சங்கங்களைக் காக்க சட்டம் வேணும்னு மத்திய சட்டசபையில தீர்மானம் கொண்டுவந்தார்.

1921 ஜூன்ல பின்னியில பெரிய வேலைநிறுத்தம் வெடிச்சு அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு. அது தோத்தது சட்டத்தால மட்டும் இல்ல. ஆதிதிராவிடத் தொழிலாளிங்க பெரும்பாலும் வேலைக்குத் திரும்பினாங்க, புளியந்தோப்புல சாதிக் கலவரம், தீவைப்பு, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. சேரிக்காரங்களோட குறையைத் தன் குறையா எடுத்துக்காத சங்கம், நெருக்கடி வந்தப்ப அவங்க தன் பின்னால நிக்கணும்னு எதிர்பார்த்துச்சு. தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றைப் பேசறவங்க இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

[திரையில்: பிரிவு 17, பிரிவு 18]

1926-ல தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு. பிரிவு 17 குற்றச் சதி வழக்கிலிருந்து காப்பாத்துச்சு. பிரிவு 18-ஐப் படிச்சா வாடியா வழக்குக்குப் பதில் எழுதின மாதிரியே இருக்கும்: ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்ங்கற ஒரே காரணத்துக்காகச் சிவில் வழக்கு நிக்காது. ஆனா இது பதிவு பெற்ற சங்கத்துக்குத்தான். அடிதடிக்கும், அதிகாரியை வெளிய விடாம அடைச்சு வைக்கிறதுக்கும் இந்தக் கவசம் கிடையாது. இப்படி அடைச்சு வைக்கிற கெராவ் விஷயத்துல கல்கத்தா ஹைகோர்ட் இதைத் தெளிவாவே சொல்லிடுச்சு.

பதிவுக்கு எத்தனை பேர் வேணும்? முதல்ல 7 பேர் போதும்னு இருந்துச்சு. 2001 திருத்தத்துக்கு அப்புறம் மொத்தத் தொழிலாளர்ல 10 சதவீதம் அல்லது 100 பேர், இதுல எது குறைவோ அது. ஆனா 7-க்குக் குறையக் கூடாது. 60 பேர் வேலை செய்யற இடத்துல 10 சதவீதம் 6 வரும், அதனால 7 பேர் வேணும். 3,000 பேர் இருந்தா 300 தேவையில்ல, 100 போதும்.

பலர் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. விண்ணப்பம் போட்ட பிறகு கையெழுத்துப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல விலகிட்டா விண்ணப்பம் செல்லாமப் போகலாம். ஏழு பேர்ல மூணு பேர் போனா தப்பிச்சீங்க, நாலு பேர் போனா சிக்கல். நிர்வாகம் முதல்ல கை வைக்கிறதே இந்த ஏழு பேர் மேலதான். அதனால ஏழோட நிறுத்தாதீங்க, இருபது முப்பது கையெழுத்தா வாங்கிப் போடுங்க.

2025 நவம்பர் 21-லிருந்து இந்தச் சட்டத்தோட இடத்துல தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. முன்னாடி ரயில், தண்ணி, மின்சாரம் மாதிரி பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் சட்டம் கட்டாயமாக்கியிருந்த 14 நாள் முன்னறிவிப்பு இப்போ எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். பாதிப் பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து ஒரே நாள்ல கேஷுவல் லீவ் போட்டாலும் அது ஸ்டிரைக் கணக்குதான். நோட்டீஸ் கொடுக்காம மொத்தமா லீவ் லெட்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி இதை உங்க சங்க நண்பர்களுக்கு அனுப்பிடுங்க. உங்க இடத்துல சங்கப் பதிவு எந்தக் கட்டத்துல நின்னு போச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. விண்ணப்பப் படிவத்தையும் விதிமுறைப் புத்தகத்தையும் அடுத்த வீடியோவுல வரி வரியா பார்ப்போம்.