கொசுவா, ஓ மை காட் துகளா? | உந்தக் கணக்கு

மக்களே, நல்லா இருக்கியளா? நாகர்கோவில்ல காலையிலேருந்து சாரல். அதான் மொட்டமாடிய விட்டுட்டு அடுக்களையில நிக்குதேன்.

செம கடுப்புல இருக்கேன். ஒரு ரீல்ஸ், ஒங்கள்ல பாதிப் பேரு எனக்கு அனுப்பிட்டிய. "விண்வெளித் துகள், கிரிக்கெட் பந்து மாதிரி மண்டையில இடிக்கும்"னு. கூட அந்த டொம்டொம் மியூசிக் வேற. அதக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும், ஒங்களுக்குத்தான் தெரியுமே.

துகள் நெசந்தான். 1991 அக்டோபர்ல அமெரிக்காவுல பதிவாச்சு. ஓ மை காட் துகள்னு பேரு. ஆற்றல் சுமார் 51 ஜூல். ஆனா தள்ளு எவ்வளவுன்னு பாக்கணும்னா உந்தம் வேணும்லா? பொருளோட நிறை எத்தன கிலோவோ, அத வேகத்தால பெருக்கணும்.

அதுக்குத்தான் இந்தத் தராசு. வடசேரியில ஒரு கடையில 650ன்னு சொன்னாரு. நான் 400ல நின்னேன். அவரு எறங்க, நான் ஏற, கடைசில 480. வீட்டுல வந்து பெட்டியப் பிரிச்சா பேட்டரி இல்ல! 480 ரூவா சாமானுக்கு ரெண்டு பென்சில் பேட்டரி வைக்கக் கூடாதா? டிவி ரிமோட்லேருந்து உருவிப் போட்டேன். அம்மை இன்னும் சீரியல் பாக்கல, பேச்சுவார்த்தையும் இல்ல.

சரி, நம்ம பந்து 158 கிராம். அதுக்கு 51 ஜூல் வரணும்னா மணிக்கு 91 கிலோமீட்டர் வேகம் போதும். ஸ்பின்னர் கொஞ்சம் வேகமா விட்டா வந்துரும். உந்தம் கிட்டத்தட்ட 4. அலகு கிலோகிராம் மீட்டர் பெர் செகண்ட், எல்லாத்துக்கும் அதே. துகளுக்கு? அது ஏறக்குறைய ஒளி வேகத்துல, அதாவது செகண்டுக்கு 30 கோடி மீட்டர்ல வருது. அந்த வேகத்துல பெருக்குற கணக்கு செல்லாது, ஆற்றல ஒளி வேகத்தால வகுக்கணும், 51 ஜூலை 30 கோடியால. 0.00000017. பந்து ரெண்டு கோடி மடங்குக்கும் மேல!

இங்கதான் எனக்குச் சந்தோசம் தாங்கல. கொசு ஒண்ணு, 2 மில்லிகிராம்னு வைங்க, செகண்டுக்கு அரை மீட்டர் பறக்குது. 0.000001. நம்ம ஊரு கொசு அந்தத் துகள ஆறு மடங்கு ஜெயிச்சிட்டு, கேட்டியளா! பந்துக்கும் துகளுக்கும் இருக்க மாதிரி ஒரே ஆற்றல ரெண்டு பேருக்குக் குடுத்தா, வேகமா போறவனுக்கு உந்தம் கம்மி. அவ்வளவுதான் சங்கதி.

ஆங், சொல்ல விட்டுட்டேன், அந்தத் துகள் மண்டை வரைக்கும் வரவே வராது. மேல காத்துல மோதி கோடிக்கணக்கான துகளாச் செதறிரும்.

பெரிய சைசு கேட்டவங்களுக்கு: கன்னியாகுமரி வள்ளுவர் சிலை சுமார் 7,000 டன், உந்தம் பூஜ்ஜியம். ஆனா சூரியனோட பார்வையில பாத்தா, பூமி செகண்டுக்கு 30 கிலோமீட்டர் போகுது, வள்ளுவரும் கூடவே போறாரு. அப்ப அவருக்கு 21,000 கோடி. பூமிக்கு 18 போட்டு 28 சைபர். போர்டு பத்தல.

முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாடிக்கும் போடச் சொல்லுதிய. அது நின்ன எடத்துல சுத்துது, அதுக்குக் கோண உந்தம், கணக்கே வேற. அடுத்த வீடியோல பாப்போம்.